எந்த குரூப் எடுப்பது? முதலில் தகுதி வரியைப் படியுங்கள்

"டீச்சர், இவளுக்கு பர்ஸ்ட் குரூப் கிடைக்குமா?"

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் காலை ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். குடியாத்தத்தில் கத்திரி வெயில் காலத்தில் பத்து மணிக்கே செருப்பில்லாமல் தெருவில் கால் வைக்க முடியாது. உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மகளின் கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸ். தமிழ் 88, ஆங்கிலம் 61, கணக்கு 46, அறிவியல் 83, சமூக அறிவியல் 79. மொத்தம் 357.

"நீ என்ன ஆகணும்னு நினைக்கிற?" என்று மகளிடம் கேட்டேன்.

"லேப்ல வேலை பார்க்கணும் மிஸ்." அப்பாவை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தபோது ரத்தம் எடுக்கிற இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாளாம். ஒவ்வொரு குழாயிலும் பெயர் ஒட்டி, வேறு வேறு நிற மூடி போட்டு அடுக்குகிறவர்களைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு.

"அப்புறம் ஏன் பர்ஸ்ட் குரூப் கேக்குறீங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எல்லாரும் அதுதான் பெருசுன்னு சொல்றாங்க டீச்சர்."

பிளஸ் ஒன்னில் எந்த குரூப், அதாவது எந்தப் பாடப்பிரிவு, எடுப்பது என்ற இந்தப் பேச்சு ஒவ்வொரு மே மாதமும் ஏதாவது ஒரு வீட்டில் நடக்கிறது. கணக்கு டீச்சராக இருப்பதால் என்னிடம் வருகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், பிளஸ் ஒன், பிளஸ் டூ என்கிற இந்த இரண்டு வருஷம் எதற்கு என்று பார்ப்போம். என் அப்பா காலத்தில் பள்ளியில் 11 வகுப்பு. அதை முடித்தால் எஸ்.எஸ்.எல்.சி. அப்புறம் கல்லூரியில் ஒரு வருஷம் பியூசி, அதற்குப் பிறகுதான் பட்டப்படிப்பு. அவர் வேலூர் ஊரீஸ் கல்லூரியில் பியூசி படித்தவர். பல்கலைக்கழகப் படிப்புக்கு முந்தைய படிப்பு என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தமே. 1978-இல் தமிழ்நாட்டில் பியூசியை எடுத்துவிட்டு, பள்ளியிலேயே பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று இரண்டு வருஷமாக்கினார்கள். இடம் கல்லூரியிலிருந்து பள்ளிக்கு மாறியது, வேலை மாறவில்லை. பிள்ளை எந்தப் படிப்புக்குப் போகப் போகிறதோ, அதற்கு அடித்தளம் போடுகிற காலம் இது.

நம் ஊர் எல்லையை ஒட்டியது என்பதால் பெயர்க் குழப்பம் ஒன்று வரும். கோலார் தங்கவயலில் இருக்கிற அத்தை வீட்டில் இதையே இன்றைக்கும் பியூசி என்பார்கள். சித்தூரில் இருக்கிற சொந்தக்காரர் இன்டர் என்பார். அங்கே எம்.பி.சி. என்றால் கணக்கு, இயற்பியல், வேதியியல், பை.பி.சி. என்றால் உயிரியல் பக்கம். மூன்றும் 10-க்கு மேல் 2 வருஷம்தான். வெளிநாடுகளில் சொல்கிற பவுண்டேஷன் படிப்பும் இதே குடும்பம். நேரடியாகப் பட்டப்படிப்பில் சேரத் தகுதி போதாதவர்களுக்கு அங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்து மேலே ஏற்றுவார்கள். நம் பிள்ளைகளுக்கு பிளஸ் டூ முடித்த பிறகுதான் அந்தப் பேச்சு வரும், இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு 'பவுண்டேஷன்' என்று விளம்பரம் செய்கிற கோச்சிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது டியூஷன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கல்லூரிச் சேர்க்கை பற்றிப் பேசும்போது மூன்று வார்த்தைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்: தகுதி, கட்-ஆப், நுழைவுத் தேர்வு. மூன்றும் வேறு வேறு.

தகுதி என்பது, அந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போடவே நீங்கள் பிளஸ் டூவில் எந்தெந்தப் பாடம் படித்திருக்க வேண்டும் என்பது. கட்-ஆப் என்பது, தகுதி உள்ளவர்களை வரிசைப்படுத்துகிற கணக்கு. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு அது 200-க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஒருவர் கணக்கில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 வாங்கினால் 90, 40, 42 என்று கூட்டி 172. தமிழும் ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் அதில் சேராது. நுழைவுத் தேர்வு தனி. மருத்துவத்துக்கு நீட் இருக்கிறது. காட்பாடி வி.ஐ.டி. போன்ற பல்கலைக்கழகங்கள் தாங்களே ஒரு தேர்வு வைக்கின்றன.

கட்-ஆப் குறைந்தால் வேறு கல்லூரி பார்க்கலாம். நுழைவுத் தேர்வை அடுத்த வருஷம் திரும்ப எழுதலாம். தகுதிப் பாடமே படிக்கவில்லை என்றால் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். 15 வயதில் குரூப் எடுக்கும்போது நாம் முடிவு செய்வது இந்தத் தகுதியைத்தான்.

என் தங்கை கதையைச் சொன்னால் புரியும். வேலூர்க்காரர்களுக்கு நர்ஸ் என்றால் தனி மரியாதை உண்டு. சி.எம்.சி.யில் 1946-லேயே நர்சிங் பட்டப்படிப்பு வந்துவிட்டது, இந்தியாவிலேயே முதல் இடங்களில் ஒன்று. என் தங்கைக்கும் சின்ன வயதிலிருந்து அந்த ஆசை. பிளஸ் ஒன் சேரப் போன பள்ளியில், "பயாலஜி செக்‌ஷன் நிறைஞ்சுடுச்சு, கம்ப்யூட்டர் சயின்ஸ்ல போடுறோம், அதுவும் பர்ஸ்ட் குரூப்தான்" என்று சொல்லிவிட்டார்கள். பர்ஸ்ட் குரூப் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வீட்டில் எல்லோரும் திருப்தியாகத் திரும்பிவிட்டோம். இரண்டு வருஷம் நன்றாகப் படித்தாள், நல்ல மார்க் வாங்கினாள். பி.எஸ்சி. நர்சிங் விண்ணப்பத்தில் தகுதி என்ற இடத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது: இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். அவளிடம் உயிரியல் இல்லை. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. பிறகு டிப்ளமோ நர்சிங்கில் சேர்ந்து மூன்று வருஷம் முடித்து, அதற்கு மேல் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருஷம் படித்து நர்ஸ் ஆகிவிட்டாள். நான்கு வருஷத்தில் முடிய வேண்டியது ஐந்து வருஷம் ஆனது. அந்த விண்ணப்பத்தின் ஒரு வரியை பிளஸ் ஒன் சேருவதற்கு முன்னால் யாராவது எங்களுக்குப் படித்துக் காட்டியிருக்கலாம் என்று இன்றும் எனக்கு ஆற்றாமைதான்.

அதனால்தான் சொல்கிறேன், பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். பிள்ளைக்குப் பிடித்த இரண்டு மூன்று படிப்புகளைக் கேளுங்கள். அவற்றின் இந்த வருஷத்துச் சேர்க்கை அறிவிப்பை எடுத்து, தகுதி என்று போட்டிருக்கிற வரியை மட்டும் தேடிப் படியுங்கள். அதில் வருகிற பாடங்கள் எல்லாம் இருக்கிற குரூப்தான் உங்களுக்கு வேண்டியது. அக்கம்பக்கத்தில் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

குரூப்புக்கு எண் சொல்லிப் பேசுவதையும் விட்டுவிடலாம். ஒரு பள்ளியில் செகண்ட் குரூப் என்பது இன்னொரு பள்ளியில் தேர்ட் குரூப்பாக இருக்கும். பாடங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பிளஸ் ஒன்னில் எல்லோருக்கும் இரண்டு மொழிப்பாடம், அதோடு நான்கு பாடம், ஆக 600 மதிப்பெண். அந்த நான்கு என்னென்ன என்பதுதான் கேள்வி.

கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்ததில் பொறியியல் பக்கமும் போகலாம், மருத்துவப் பக்கமும் போகலாம். அதனால்தான் அதற்கு இவ்வளவு மவுசு. ஆனால் சுமையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. கணக்கில் எழுத்துத் தேர்வே 90-க்கு. பத்தாம் வகுப்புக் கணக்கிலிருந்து பிளஸ் ஒன் கணக்குக்குப் போவது ஒரு பெரிய தாண்டல். ஆர்வத்தோடு வருகிற பிள்ளை 60 வாங்கியிருந்தாலும் தாண்டிவிடும், என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். கணக்கைக் கண்டாலே கை நடுங்குகிற பிள்ளையை, பெயருக்காக அதில் உட்காரவைத்தால் மற்ற மூன்று பாடங்களும் சேர்ந்து கீழே போகும். இதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் உள்ளது இன்னொரு வகை. பொறியியல் உறுதி என்றால் தாராளமாக எடுக்கலாம். ஆர்க்கிடெக்சருக்கும் கணக்கு வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் தொழிலில் இருக்கிற குடும்பங்களில் பி.டெக். லெதர் டெக்னாலஜி பற்றிக் கேட்பார்கள். அதுவும் பொறியியல் கவுன்சலிங்கில்தான் வருகிறது, கணக்கும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும்.

கணக்கு இல்லாமல் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று ஒன்று உண்டு. இதை மட்டமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எம்.பி.பி.எஸ்., கால்நடை மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி எல்லாவற்றுக்கும் இதில் வழி இருக்கிறது. போகாதது பொறியியல் மாதிரி கணக்கைக் கட்டாயம் கேட்கிற படிப்புகளுக்கு. அந்தப் பக்கம் போகிற எண்ணமே இல்லாத பிள்ளைக்கு இதில் என்ன குறை?

வணிகவியல் பக்கம் வந்தால் கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல் மூன்றோடு நான்காவதாக என்ன என்று பாருங்கள். வணிகக் கணிதம் கிடைத்தால், பிள்ளைக்கும் அதில் பயமில்லை என்றால், அதையே எடுக்கச் சொல்வேன். சி.ஏ. பவுண்டேஷன் தேர்வில் நான்கு தாள். அதில் ஒன்று முழுக்கக் கணக்கும் புள்ளியியலும் தர்க்கமும். சி.ஏ.வுக்கு இந்த குரூப்தான் என்று கட்டாயம் கிடையாது, பிளஸ் டூ தேறியிருந்தால் போதும். ஆனால் அக்கவுண்ட்ஸ் படித்தவருக்கு அங்கே பாதி பயம் குறையும். வரலாறு, பொருளியல் உள்ள குரூப் எடுத்தவர்கள் ஐந்து வருஷச் சட்டப்படிப்புக்குப் போகலாம். எந்த குரூப்பிலிருந்தும் போகலாம். வேலூரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. தொழிற்கல்விப் பாடப்பிரிவுகளும் அரசுப் பள்ளிகளில் உண்டு. அவற்றில் சேருவதற்கு முன் மட்டும், மேலே படிக்க நினைக்கிற படிப்பு அந்தப் பிரிவை ஏற்குமா என்று தகுதி வரியை இரண்டு தடவை படித்துவிடுங்கள்.

பிளஸ் ஒன்னே வேண்டாம், பாலிடெக்னிக் போகிறேன் என்கிற பிள்ளைகளை வீட்டில் தோற்றவர்கள் மாதிரி பார்க்கிறார்கள். ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ 2 வருஷம், பி.இ. 4 வருஷம், மொத்தம் 6. பத்தாவது முடித்து டிப்ளமோ 3 வருஷம், அங்கிருந்து நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து 3 வருஷம், அதுவும் 6. இருவரும் ஒரே வயதில் பட்டம் வாங்குகிறார்கள். டிப்ளமோக்காரருக்கு நடுவிலேயே வேலைக்குப் போக ஒரு சான்றிதழும் கையில் இருக்கும். தொரப்பாடியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, எங்கள் ஊரில் ராஜகோபால் பாலிடெக்னிக் இருக்கிறது. மருத்துவம் சார்ந்த படிப்புகள் இந்த வழியில் வராது.

ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் மாதிரி ஒரு தொழிலை ஒன்றிரண்டு வருஷத்தில் கையில் பிடிக்கலாம். ராணிப்பேட்டையில் பெல் தொழிற்சாலையும் சிப்காட்டும் இருக்க, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த வேலை எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர முடியும். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்து, பிளஸ் டூவின் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் அதைப் பிளஸ் டூவுக்கு இணையாகக் கொள்கிற ஏற்பாடும் தமிழ்நாட்டில் இருக்கிறது. தெரிந்தவர்கள் குறைவு, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது பள்ளி. குரூப்பைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறவர்கள் இதில் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கிறார்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்து வருகிற பிள்ளையை, 'பிளஸ் ஒன்னுக்காவது நல்ல பள்ளியில் போடுவோம்' என்று கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதுதான் அதற்கான அடிப்படை. பிளஸ் ஒன்னில் தனியாருக்கு மாறினால் ஐந்து வருஷம் சேர்த்துவைத்தது போய்விடும். மேலே படிக்கப் போகிற பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பது முக்கியம். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. போகிறவர்களுக்கும் அந்தத் தொகை உண்டு. மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. என்ன போகிறது என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

தமிழ் வழியில் படிக்கிறவர்கள் பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாறுவதும் இதே மாதிரிதான். அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. பத்தாம் வகுப்புத் தகுதியுள்ள வேலைக்கு பத்து வரை தமிழ் வழி போதும். பட்டத் தகுதியுள்ள வேலைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை கேட்பார்கள். அரசு வேலைதான் குறி என்றால் யோசித்து மாறுங்கள்.

இன்னொன்று. பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கிற பழக்கம் சில பள்ளிகளில் உண்டு. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. பொதுத்தேர்வு இல்லை என்பதால் பாடம் தேவையில்லை என்று ஆகிவிடாது. நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பிளஸ் ஒன் பாடமும் சேர்ந்துதான் வருகிறது. பொறியியல் முதல் வருஷத்தில் கணக்குத் தாளில் தடுக்கி விழுகிறவர்கள் பலரும் பிளஸ் ஒன் கணக்கைச் சரியாகப் படிக்காதவர்கள்தான். சேர்க்கைக்குப் போகும்போது "பிளஸ் ஒன் புத்தகம் முழுசா நடத்துவீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். அங்கே ஏற்கெனவே பிளஸ் டூ படிக்கிற பிள்ளையைக் கேட்டால் இன்னும் நல்லது, உண்மை தெரியும்.

சேர்ந்த பிறகு தப்பான குரூப் என்று தெரிந்தால், முதல் சில வாரத்துக்குள்ளேயே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். காலியிடம் இருந்தால் மாற்றித் தருவார்கள். அரைப் பரீட்சை வரை பார்ப்போம் என்று இழுத்தால் பாடம் எங்கோ போயிருக்கும்.

அன்று வந்த பெண்ணிடமிருந்து ஜெராக்ஸை வாங்கி, அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். மேலே 'பி.எஸ்சி. எம்.எல்.டி.' என்று போட்டேன், அதாவது லேப் டெக்னாலஜி படிப்பு. அதற்குக் கீழே, என்ன பாடம் வேண்டும் என்று அவளையே தேடச் சொன்னேன். அம்மாவின் போனில் அறிவிப்பைத் திறந்து விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். இயற்பியல், வேதியியல், உயிரியல். மூன்றையும் அவளே எழுதினாள். உயிரியலுக்குப் பதிலாகத் தாவரவியலும் விலங்கியலும் இருக்கலாம் என்பதைப் பக்கத்திலேயே குறித்துக்கொண்டாள்.

"இதுல கணக்கு எங்க?" என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

"கேக்கலம்மா."

அவர் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் படிக்கிற அரசுப் பள்ளியிலேயே அந்த குரூப் இருக்கிறது, மாறவேண்டிய அவசியமும் இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. தாளை நான்காக மடித்து, கவருக்குள் மார்க் பட்டியலோடு வைத்துக்கொண்டார்.

வாசல் வரை போன பெண் திரும்பி வந்தாள். "பிசிக்ஸ்ல கணக்கு வருமா மிஸ்?"

"வரும். கெமிஸ்ட்ரியிலயும் வரும். ஆனா அது ஒரு பாடத்துக்குள்ள வர்ற கணக்கு, தனியா 90 மார்க் கணக்கு இல்ல. ஸ்கூல் திறக்குற வரைக்கும் சாயங்காலம் வந்துடு. பின்னத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

மறுநாள் ஐந்து மணிக்குப் புது நோட்டோடு வந்துவிட்டாள். முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள்.